விளையாட்டுச் சாமான் என்று வந்த லிஃப்ட் போர்டு

சென்ற பெப்ரவரியில் மொன்றியலுக்குப் போனேன். இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்கள் ஏரி, அருவி, மலையேற்றம் என்று எதிர்பார்த்து வருவீர்கள். இந்த முறை அதெல்லாம் கிடையாது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுங்கக் கவுண்டருக்கும், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் என் அக்கா குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டுக்கும் இடையிலேயே ஒரு கிழமை போய்விட்டது. வெளிநாட்டிலிருந்து மின்னணுச் சாமான் வரவழைத்து, அது சுங்கத்தில் மாட்டி, தானே போய் மீட்கவேண்டிய நிலைமை யாருக்காவது வந்தால் உதவட்டுமே என்று எழுதுகிறேன். படம் ஒன்றும் எடுக்கவில்லை, தேடாதீர்கள்.

அக்கா இருப்பது நான்காம் மாடியில். சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாய், வியாழன், சனி என்று கிழமையில் மூன்று தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரிக்கவேண்டும். அத்தான் அதே கட்டடத்தின் பராமரிப்பாளர். ஜனவரிக் கடைசியில் லிஃப்டை இயக்கும் மின்னணு போர்டு எரிந்துபோனது. அந்த வகை போர்டு இப்போது யாரும் செய்வதில்லையாம். முழு லிஃப்டையும் மாற்றக் கோடை வரும் என்று கட்டட உரிமையாளர் கையை விரித்துவிட்டார். அத்தானின் தங்கை மகன் சென்னையில் பழைய லிஃப்டுகளுக்கு போர்டு செய்துகொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அத்தான் கேட்க, அவன் ஒன்று செய்து கூரியரில் அனுப்பினான். ஒழுங்கான பத்திரத்தோடு வந்தால் சோதித்து லிஃப்டில் பூட்டித் தருகிறேன் என்று லிஃப்ட் மெக்கானிக்கும் ஒப்புக்கொண்டார். போர்டு மொன்றியல் வரை வந்து, சுங்கத்தில் நின்றுவிட்டது. ஏன் என்று தொலைபேசியில் கேட்டால் அத்தான் "அதுதான் விளங்கேல்லை" என்பார். அக்காவைக் கதிரையில் வைத்துப் படியால் இறக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வண்டியை எடுத்தேன்.

ஸ்காபரோவிலிருந்து புதன் காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். ஏறத்தாழ 530 கிலோமீட்டர், 401 நெடுஞ்சாலையைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்பார்கள். கண்ணை மூடாதீர்கள். கிங்ஸ்டனில் ஒரு கோப்பி குடிக்கும் வரை வானம் நன்றாகத்தான் இருந்தது. கோர்ன்வால் தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கி, முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பனிக்காலச் சில்லு, அதாவது பனியில் வழுக்காத டயர், இல்லாமல் இந்தப் பக்கம் வராதீர்கள். போய்ச் சேரப் பன்னிரண்டரை.

மேலே ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அத்தான் கூரியர் பத்திரத்தைக் காட்டினார். சாமான் விவரம் என்ற இடத்தில் "விளையாட்டுப் பொருள் உதிரிப்பாகம், அன்பளிப்பு" என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இதென்ன கூத்து அத்தான்?"

"நான்தான் அப்பிடி எழுதச் சொன்னனான். லிஃப்ட் எண்டு போட்டா நூறு கேள்வி வரும். விளையாட்டுச் சாமான் எண்டா ஆர் பாக்கப்போறான்?"

நம்மில் யார்தான் இப்படி எழுதவில்லை? சேலைக்கும் பலகாரத்துக்கும் பழகின கை. ஆனால் சுங்கத்தில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே சாப்பாட்டுத் தட்டளவு போர்டு, தடித்த கம்பி பூட்டும் முனைகள், வரிசையாக ரிலே சுவிட்சுகள். இது எந்தப் பொம்மைக்கு என்று அத்தானுக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கிறார்கள். மனிதர் இரண்டு தரமும் "விளையாட்டுச் சாமான்" என்றே சொல்லியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா பக்கத்து அறையில் படுத்திருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வியாழன் காலை நானும் தூக்கினேன். முன்னால் கீழ்வீட்டு ஹெயிட்டிக்காரர், பின்னால் நானும் அத்தானும். படிகளில் சப்பாத்துப் பனி உருகி ஈரம். அக்கா கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, என்னை அரிசி மூட்டை எண்டு நினைச்சுத் தூக்கு. பாவம் பாத்தியெண்டா கை நடுங்கும்" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். நாங்கள் அடுத்த படியைத்தான் பார்த்தோம்.

அன்று மதியம் அத்தானையும் கூட்டிக்கொண்டு சென் லோரன் பகுதியில் ஒரு சுங்க முகவரிடம் போனேன். தர்ஷினி என்று யாழ்ப்பாணப் பிள்ளை, இறக்குமதிச் சாமான்களுக்குச் சரியான சுங்கக் குறியீடு போட்டுக் கொடுப்பதுதான் வேலை. பத்திரத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். "சரி, லிஃப்டின் உதிரிப்பாகம் என்று மாற்றிவிடுங்கள், முடிந்தது" என்றேன் நான், பெரிய விசயம் தெரிந்தவன் மாதிரி.

"இல்லை அங்கிள், அதுவும் பிழை. எதுக்குப் பூட்டுறது எண்டு பேந்துதான் பாக்கிறது. முதல்ல அது தன்னளவில என்ன எண்டு பாக்கோணும். மின்சாரத்தைக் கட்டுப்படுத்துற போர்டுக்குச் சுங்க அட்டவணையில தனித் தலைப்பு இருக்கு, 85.37. லிஃப்டுக்கு மட்டுமே செய்திருந்தாலும் அங்கதான் போகும். தனித் தலைப்பு இல்லாத சாமானைத்தான் பாகம் எண்டு சேர்க்கிறது."

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் அரைகுறையாகத் தேடினால் என்னைப்போலத்தான் உளறுவீர்கள்.

திருத்தப் பத்திரம் அவளே தயார் செய்வாள். ஆனால் முதலில் சொன்னது பிழை, சாமான் இதுதான் என்று இறக்குமதி செய்தவர் கவுண்டரில் சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும். "பயப்பிடாதேங்கோ அங்கிள், இன்னும் சாமானை வெளியில விடேல்லை. இப்ப திருத்தலாம். இண்டைக்கே போங்கோ" என்று அத்தானைப் பார்த்துச் சொன்னாள்.

அத்தான் போகமாட்டேன் என்றார். வண்டிக்குள் ஏறிய பிறகும் அதே பேச்சு.

"கடதாசியில இருக்கிறதைத்தான் வாய் சொல்லோணும், மச்சான். கடதாசி ஒண்டும் வாய் ஒண்டும் சொன்னா அதோட சரி."

"அது அங்க அத்தான். இது கனடா."

"தாண்டிக்குளம் ஆமிச் சோதனைச்சாவடியில, என்னோட பஸ்ஸில வந்த பெடியன். அடையாள அட்டையில ஒரு ஊர். பயத்தில வாய் வேற ஊரைச் சொல்லிப்போட்டுது. திருத்திச் சொல்லத்தான் பாத்தவன். இறக்கினாங்கள். அவன்ர பை மட்டும் பஸ்ஸில வந்தது." சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இஞ்ச அகதி விசாரணையிலயும் வக்கீல் அதைத்தான் சொன்னவர். எழுதினதை மாத்திச் சொல்லாதேங்கோ எண்டு. மாத்தாதபடியாத்தான் நாங்கள் இஞ்ச இருக்கிறம்."

வண்டியை வீட்டுக்கே திருப்பினேன். வெள்ளிக்கிழமை முழுக்கக் கெஞ்சினேன், கத்தினேன், தர்ஷினியைத் தொலைபேசியில் பேசவைத்தேன். "திங்கள் பாப்பம்" என்பதுதான் பதில். சென்னை மருமகனின் பட்டறைக்கும் கறுப்புப் புள்ளி விழும் என்று அவருக்கு வேறு பயம். அக்காவிடம் போய்ச் சொன்னேன். "அவரை ஏசாதை தம்பி. அந்த மனுசன் யூனிபோர்ம் கண்டா தண்ணியும் குடியாது" என்றாள்.

சனிக்கிழமை காலை இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் கால்தான் வழுக்கியது. கதிரை என் பக்கம் சரிந்தது. நான் பிடித்தேன், அத்தானும் பிடித்தார், ஆனால் அக்கா பக்கவாட்டில் படியில் விழுந்தாள். சத்தம் கூடப் போடவில்லை. "இடுப்பு" என்று மட்டும் சொன்னாள். அம்புலன்ஸ்காரர்கள் வந்து, நாங்கள் மூன்று கிழவர்களும் செய்யமுடியாத வேலையை இரண்டு நிமிடத்தில் செய்து கீழே கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு முறிவு. அன்று மாலையே சத்திரசிகிச்சை.

திங்கள் காலை நான் கெஞ்சவில்லை. அத்தானே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து, "வா, போவம்" என்றார்.

கவுண்டரில் இருந்தது ஓர் இளம் பெண். "பொன்ஜூர், ஹாய்" என்றாள். அத்தான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முந்தி வேலை செய்த தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில், இது விளையாட்டுச் சாமான் இல்லை, லிஃப்டுக்கு, எழுதினது பிழை, எழுதச் சொன்னது நான் என்று ஒரே மூச்சில் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு, எத்தனை வோல்ட், வரைபடம் இருக்கிறதா என்று கேட்டாள். மருமகன் அனுப்பிய வரைபடத்தை என் தொலைபேசியில் காட்டினேன். தர்ஷினியின் திருத்தப் பத்திரத்தைப் பார்த்தாள். இனிமேல் சரியாக எழுதச் சொல்லுங்கள் என்று ஒரு எச்சரிக்கை, கட்டவேண்டிய வரிக்கு ஒரு சீட்டு, ஒரு "மெர்சி". பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின்னேரம் பெட்டி எங்கள் வண்டிக்குள் இருந்தது. செவ்வாய்க்கிழமை மெக்கானிக் வந்து பூட்டினார். புதன் மத்தியானம் லிஃப்ட் ஓடியது.

இந்த வழியில் போகப்போகிறவர்களுக்குச் சொல்லவேண்டியது: அனுப்புகிறவர் சொந்தக்காரராக இருந்தால்தான் கூடுதல் கவனம் தேவை, அன்பில் எதையாவது எழுதிவிடுவார். சாமான் என்ன, என்ன வேலை செய்கிறது, எத்தனை வோல்ட், எதனால் ஆனது என்று பச்சையாக எழுதச் சொல்லுங்கள். வரைபடமோ படமோ கையில் வைத்திருங்கள். முகவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. பிழை இருந்தால் சாமான் வெளியே வருவதற்கு முன்பே போய்ச் சொல்லுங்கள், அன்றைக்கே போங்கள். கவுண்டருக்குக் காலையில் போவது நல்லது, பின்னேரம் லொறிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள். அத்தான் மாதிரி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், கத்தாதீர்கள். நான் கத்தினேன், ஒரு நாள் வீணானதுதான் மிச்சம்.

வியாழன் திரும்பும் முன் ஆஸ்பத்திரியில் சமூகசேவகியுடன் ஒரு கூட்டம். வீட்டில் லிஃப்ட் இருக்கிறதா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. "ஓம், இருக்கு. ஓடுது" என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் சொன்னார் அத்தான். அவள் எழுதிக்கொண்டாள். இருந்தாலும் இனி எழுந்து நடப்பது கடினம், இருபத்துநாலு மணிநேரமும் ஆள் வேண்டும், வீட்டுக்கு அனுப்பமுடியாது, பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்க்கிறோம் என்றாள். அக்கா அத்தானின் கையைத் தட்டிக்கொடுத்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

வாகனத் தரிப்பிடத்துக்கு என்னை வழியனுப்ப அத்தான் வந்தார். இனி அந்த வீட்டில் அவர் தனி. கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவரும் ஒரு கையுறையால் துடைத்தபடி நின்றார். கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, ஆனால் விட்டுப் போகவும் மனம் வரவில்லை.

"கவுண்டரில இருந்த பிள்ளை சாமான் என்ன எண்டுதானே மச்சான் கேட்டது" என்றார். "நான் ஆர் எண்டு கேக்கிறாங்கள் எண்டு நினைச்சிட்டன்."