கிணற்றின் மேல் போட்ட பழி

செட்டிகுளத்தில் ஒருவருக்கு அடிக்கடி சலம் போனால் முதல் சந்தேகம் கிணற்றின் மேல்தான் விழும். இந்தப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் வந்து செத்துப் போனவர்கள் பலர். தண்ணீர்தான் காரணம் என்று ஊர் நம்புகிறது. இரவில் சிறுநீர் கழிக்க ஐந்து தரம் எழும்பத் தொடங்கியபோது, எனக்கும் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று நானே முடிவு செய்தேன். ஐந்து தரம் எழும்பியும் வந்தது நூல் மாதிரி. நிற்கும், சொட்டும், மறுபடி தொடங்கும்.

மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கிணறு சரியில்லை என்று மட்டும் சொல்லி, வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்கினேன். சிறுநீரகத்தைக் கழுவுவதாக நினைத்து நாளுக்குப் பன்னிரண்டு தம்ளர் குடித்தேன். அதில் ஐந்து, படுக்கப் போகும் முன்.

"நானும் கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறன். எனக்கு ஒண்டுமில்லையே," என்றாள்.

"உமக்கு இரும்பு உடம்பு."

"கதையை விடுங்கோ. ராவில முற்றத்துக்கும் வீட்டுக்குமா நடக்கிறது கிணறோ, நீங்களோ?"

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இரத்தம், சலம், ஸ்கான் எல்லாம் பார்த்தார்கள். டொக்டர் பின்வழியாக விரல் வைத்துப் பார்த்தபோது நான் சுவரில் இருந்த ஓடுகளை எண்ணினேன். பதினேழு வரைக்கும் போனேன்.

"ஐயா, கிட்னி ரெண்டும் நல்லாயிருக்கு. புரொஸ்டேட் சுரப்பிதான் பெருத்திருக்கு."

சலப்பையின் வாயருகே குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி அது. வயது போக ஆண்களுக்குப் பெருத்து, குழாயை நெருக்கும். பை முழுதாகக் காலியாகாததால் சீக்கிரமே மறுபடி நிரம்பிவிடும்.

"புற்றுநோயோ?" என்று கேட்டேன்.

"பாத்ததில அப்பிடித் தெரியேல்லை. ஆனா சொல்லாமல் விட்டு, சலம் தேங்கித் தேங்கி நிண்டால், அப்பதான் கிட்னி பழுதாகும்."

மனைவி சிரித்தாள். "தம்பி, இவர் கிணத்தை மூடுற யோசனையில நிண்டவர்."

டொக்டருக்கும் சிரிப்பு வந்தது. பொழுதுபட்ட பிறகு தண்ணீரைக் குறைக்கச் சொன்னார். இரவில் விழுங்க ஒரு குளிசை தந்தார். அது தலைசுற்ற வைக்கும், மெதுவாக எழும்ப வேண்டும். தடிமன், சளிக்கான குளிசையைக் கேட்காமல் வாங்கிப் போட்டால் சலம் அடியோடு நின்றுவிடவும் கூடும் என்றார்.

ஒரு மாதமாகக் குளிசை போடுகிறேன். இப்போது எழும்புவது இரண்டு தரம். நாளை மறுபடி ஸ்கான். இன்னும் தேங்கியிருந்தால் ஒப்பரேஷன் பற்றி யோசிக்க வேண்டும். வயிற்றை வெட்டாமல் சலக்குழாய் வழியாகவே செய்வார்களாம்.

"பயமா இருக்கோ?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

"அப்ப நானும் உள்ளுக்கு வாறன். நீங்கள் சொல்ல வேண்டியதில பாதியை விழுங்கிப்போட்டுத்தான் டொக்டருக்குச் சொல்லுவியள்."