ஃபேன் சத்தத்தோடு ஒரு போர்க்கதை

முன்னாள் ராணுவ வீரர்களைப் பேட்டி கண்டு, அவர்களின் அனுபவங்களைப் பதிவு செய்து வருகிறேன். மண்ணச்சநல்லூரில் ஒரு பெரியவர் வீட்டில், இரைச்சல் கூடாதென்று ஃபேனை நிறுத்தினேன். அவர் மனைவியையும் வெளியே இருக்கச் சொன்னேன். பெரியவரோ பாடம் ஒப்பிப்பதுபோல் பேசினார்.

“அவருக்கு இப்படி வேர்த்துக் கொட்டுதே!” என்றபடி அந்த அம்மா உள்ளே வந்து, ஃபேனைப் போட்டுவிட்டு அவர் அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

பெரியவர் என்னை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார்.

“சண்டையில ஒருத்தன் என் மடியிலேயே உயிரை விட்டான். உங்கிட்டகூட நான் சொன்னதில்லை.”

அதன்பின் அவர் நிறுத்தவே இல்லை.

கிளம்பும்போது, “ரொம்ப நன்றிம்மா” என்றேன்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, “எதுக்குங்க, ஃபேன் போட்டதுக்கா?” என்றார்.

ஆமாம், அதற்குத்தான். அந்தப் பதிவிலிருந்து ஃபேன் சத்தத்தை நான் நீக்கவில்லை.