ஓங்கி ஒரு மிதி

எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிற ஆளாக இருந்தேன் நான். இதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அப்போது பெருமையாக இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் தென்காசிக்கும் ஐந்தருவிக்கும் இடையே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். வழிவிடாத மாட்டுவண்டிக்காரனோ, இறங்கும்போது முணுமுணுத்த பயணியோ, யாராக இருந்தாலும் முதலில் கை, பிறகுதான் பேச்சு. எங்கள் கண்டக்டர் ஒரு கை தூரம் தள்ளி நின்றுதான் என்னிடம் பேசுவார்.

வழியில் குற்றாலம் பஜாரில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். செம்பட்டை நிறம், முகமெல்லாம் நரை. சீசனில் ஊரே சாரலில் ஊறிக் கிடக்கும்போது, பஸ் நின்ற இடம் மட்டும் காய்ந்து எஞ்சின் சூட்டில் கதகதப்பாக இருக்கும். வண்டி கிளம்பியதும் நாய் அங்கே வந்து சுருண்டுகொள்ளும். அடுத்த நடைக்கு நான் வரும்போது எழுந்திருக்காது. ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கி எனக்குக் கை வலிக்கும். கண்டக்டர் இறங்கிப் போய்க் காலால் நெட்டித் தள்ளினால்தான் எழுந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு போகும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். அத்தனை பேரும் பயப்படுகிற டிரைவரை ஒரு தெருநாய் மதிக்கவில்லை. அதற்குத் திமிர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை. வண்டி நிறையக் கூட்டம். நாய் அதே இடத்தில் கிடந்தது. ஹாரனுக்கு அசையவில்லை. பின் சீட்டிலிருந்து ஒருவர், "டிரைவரைவிட நாய்க்கு மவுசு ஜாஸ்தி போலுக்கே" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. எஞ்சினை முறுக்கிக் கிளப்பும் இரும்பு ஹாண்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். நாய் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பக்கத்தில் நின்று கத்தினேன். காது மடல்கூட ஆடவில்லை. ஓங்கி அடித்தேன். முன்னங்கால் எலும்பு முறிந்தது, பச்சை மூங்கிலைப் பிளப்பது போல எனக்கே கேட்டது. அடுத்த அடி விலாவில் விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கும்போது டீக்கடைக்காரர் ஓடிவந்து ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அது செவிட்டு நாய்லா! இடி விழுந்தாலும் அதுக்குக் கேக்காது!"

"முன்னாலயே சொல்லித் தொலைக்கதுக்கு என்னவே?"

"நீரு யாரைச் சொல்ல விட்டீரு?"

நாய் ஊளையிட்டுக்கொண்டு மூன்று காலில் கடைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. ரத்தத்தைச் சாரல் கழுவிக்கொண்டிருந்தது. நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கடைகளுக்குப் பின்னால் கூட்டம். ஊளைச் சத்தத்தில் ஆட்கள் கடைக்கு வரமாட்டேன் என்கிறார்கள் என்று, மிட்டாய்க்கடைக்காரன் நாயின் கழுத்தில் கயிற்றை மாட்டிப் புளியமரக் கிளை வழியாக மேலே இழுத்துக்கொண்டிருந்தான். நாயின் பின்கால்கள் தரையைத் தேடி உதைத்தன. கண் பிதுங்கிவிட்டது. கயிற்றை விடச் சொன்னேன்.

"காலை ஒடிச்சது நீரு. மிச்சத்த நான் முடிக்கேன். இதுல என்ன புதுசாப் பாவம் பாக்கீரு?" என்றான்.

அவன் கேட்டது நியாயம்தான். நியாயத்துக்குப் பதில் இல்லாதபோது நான் வழக்கமாகச் செய்வதையே அன்றும் செய்தேன். ஒரே குத்தில் அவன் முன்பல் இரண்டு போயிற்று. அவனுடைய தம்பி விறகுக்கட்டையால் என் புருவத்தைப் பிளந்தான். சேற்றில் உருண்டோம். அதற்குள் கண்டக்டர் கயிற்றை அறுத்துவிட்டார். நான் நாயைத் தூக்கப் போனேன். அது என் முன்கையில் பல்லை இறக்கியது. கடித்த வாயை அது எடுக்கவில்லை; அப்படியே தூக்கிக்கொண்டு போய் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கிடத்தினேன். இரக்கப்பட்டுத் தூக்கினேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். அந்த நாய் செத்துவிட்டால் நான் செய்தது கொலையாகிவிடும் என்ற பயம்தான்.

தென்காசி மாட்டாஸ்பத்திரியில் வயதான கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். பஸ்ஸில் அடிபட்டது, காது கேட்காத நாய் என்று சொன்னேன். அவர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சக்கரம் ஏறுனா நசுங்கும். இது இரும்புல அடிச்சது" என்றார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். பல் தேய்ந்திருப்பதைப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு வயசிருக்கும், கால் இனி நேராகாது என்றார். "காது கேக்காத நாயை முதுகுப் பக்கமாப் போயித் தொடாதீரும். பயத்துல கடிச்சிரும். வரும்போது தரையில ஓங்கி ஒரு மிதி மிதியும். அதிர்வு தெரிஞ்சு எந்திரிச்சுக்கிடும்."

பல குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் வளவில் எங்களுக்கு ஒற்றை அறையும் அடுப்படியும் கொண்ட வீடு. நானும் மனைவியும் ஏழு வயது மகளும். நாயை இறக்கியதும் மனைவி என் புருவத்து ரத்தத்தையும் நாயின் காலில் போட்டிருந்த கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிர்த்துப் பேசாதவள் அன்றைக்குப் பேசினாள்.

"அடிக்கதுக்கு நாங்க ரெண்டு பேரு போதாதா? இதையும் கூட்டிட்டு வந்திருக்கீய?"

அறைந்தேன். நாயின் கழுத்துக் கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டே அறைந்தேன்.

கம்பவுண்டர் சொன்ன மிதியை நான் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் வாசற்படியில் செருப்புக் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்துத்தான் உள்ளே வருவேன். அந்தச் சத்தம் கேட்டதும் மனைவி அடுப்படிக்குள் போய்விடுவாள், மகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். இப்போது அதே மிதிக்குக் கொல்லையிலிருந்து நாய் வந்தது. கோணிப்போன காலை உதறி உதறி, வாலை ஆட்டிக்கொண்டு வரும். அன்றைக்கு அது முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்ததால் அடித்தது யார் என்று அதற்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டேன். என் காலடிக்கு வாலாட்டிய ஒரே ஜீவன் அதுதான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதற்குச் சோற்றை நானே பிசைந்து வைத்தேன். மகளுக்கு நான் ஒருநாளும் பிசைந்து கொடுத்ததில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள், முதலாளி பயணிகள் முன்னால் வைத்து என்னைத் தாறுமாறாகத் திட்டிவிட்டார். பதில் பேசாமல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொல்லையில் நாய் என் காக்கிச் சட்டையின் மேல் படுத்திருந்தது. மறுநாளைக்குப் போடத் துவைத்து வைத்த சட்டை. அதற்குக் குளிருமே என்று மகள் எடுத்து விரித்திருக்கிறாள்.

வீட்டுக்குள் வந்து பெல்ட்டை உருவினேன். குழந்தையின் முதுகில், தொடையில், தடுத்த கையில் விழுந்தது. முதலாளிக்குக் கொடுக்க முடியாததை எல்லாம் அவளுக்குக் கொடுத்தேன். மனைவி குறுக்கே வந்து கையைப் பிடித்தாள். தள்ளினேன். அடுப்படி வாசலில் கிடந்த ஆட்டுரலில் தலை இடித்துக் கீழே உட்கார்ந்தாள். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. எழுந்திருக்க முடியாமல், உட்கார்ந்தபடியே குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள். மறுபடியும் மிதித்தாள். ஆத்திரத்தில் மிதிக்கிறாள் என்று நினைத்தேன்.

நாயைக் கூப்பிட்டிருக்கிறாள். அது வந்தது. குழந்தையின் அலறலோ என் கத்தலோ அதற்குக் கேட்கவில்லை. சோறு வைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டு எனக்கும் குழந்தைக்கும் நடுவில் வந்து நின்றது. என் முகத்தைப் பார்த்தது. ஓங்கிய பெல்ட்டைப் பார்த்தது. அப்போதும் வாலை நிறுத்தவில்லை. அதற்குள் கட்டிலடியில் போய் ஒடுங்கியிருந்த மகள், "அப்பா, அதை அடிக்காதீய. அதுக்குக் கேக்காதுப்பா" என்று அழுதாள்.

எனக்கு முன்னால் அந்தக் கோணல் கால் இருந்தது. பெல்ட் கையிலிருந்து நழுவிவிட்டது.

அன்றோடு திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். அதற்குப் பிறகும் இரண்டு தடவை மனைவி மேல் கை பட்டது. ஆனால் மகளைத் தொடவில்லை. நாய் மேலும் இரண்டு வருஷம் இருந்தது. கடைசியில் கண்ணும் போய்விட்டது. மிதித்தால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு வரும். இனி என் மிதி நாய்க்காக மட்டும்தான், யாரும் பயப்பட வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். இருவரும் தலையாட்டினார்கள். நானும் நம்பிவிட்டேன்.

நாயைப் புதைத்த மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பழக்கத்தில் படியில் ஓங்கி மிதித்தேன். கொல்லையிலிருந்து எதுவும் வரவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. சற்று நேரம் கழித்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து என் மகள் தவழ்ந்து வெளியே வந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இனிமே மிதிக்க வேண்டாம்லாப்பா? அதுதான் செத்துப் போச்சுல்லா."