குதிரை போன லாயம்

மலாயாவில், கிள்ளான் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பந்தயக் குதிரைகளை இனம் பெருக்கிய பழைய லாயம் இருந்தது. குதிரைகள் விற்றுப் போய் வெகுகாலம். துணி விற்கப் போன இடத்தில்தான் அதைக் காவல் காத்த கிராணியை, தோட்டத்துக் கணக்கரை, சந்தித்தேன். நம் ஆள்தான், தலையில் மட்டும் வெள்ளைக்காரத் தொப்பி. பேசும்போதெல்லாம் வாசல் தூணைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று பெருமழையில் தொழிலாளர் வீடுகளின் கூரை சரிந்தது. பெண்கள் கைக்குழந்தைகளோடு லாயத்துக்கு ஓடி வந்தார்கள். கிராணி வாசலை மறித்தார்.

"இது சரித்திரம் உள்ள கட்டடம். ஓடெல்லாம் கப்பல்ல வந்தது. சேறு படக்கூடாது."

"குதிரை சாணி போட்ட எடந்தானே, ஐயா?" என்றேன்.

"கோப்பை ஜெயிச்ச குதிரைங்க. ஒங்களுக்கு அந்த மதிப்பு தெரியாது."

ஒருத்தி அவரைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். எல்லோரும் பின்னால் போய், குழந்தைகளைத் தீவனத் தொட்டிகளில் படுக்க வைத்தார்கள். கிராணி மட்டும் வெளியே நனைந்தபடி நின்றார்.

"நீங்களாவது உள்ள வாங்க" என்றேன்.

"துரை சொல்லாம நான் உள்ள கால் வச்சதே இல்ல."

"அவரு சீமைக்குப் போயி வருசக்கணக்காச்சே!"

"அதனால என்ன?" என்றார்.

இப்படியும் ஓர் அடிமைப் புத்தியா என்று எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. மழையில் நின்ற அந்த முகமும் மறக்கவில்லை.