பருந்தாகிப் போன இளவரசியும் என்னைப் பெண் பார்க்க வந்த கிளார்க்கும்

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணோடு சண்டை போட்ட மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணே நான்தான்!

ஒரு மாயக்கதையின் கடைசிப் பாகம் எப்படி முடியும் என்று நேற்று இந்தக் குழுவில் இளசுகள் எல்லாம் அடித்துக்கொண்டதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. (எனக்கு எண்பது தாண்டிவிட்டது, ஒற்றை விரலால் டைப் செய்கிறேன். பிழை இருந்தால் விரலைத் திட்டுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.)

அறுபதுகளின் தொடக்கம். ஊர் அரிமளம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் ஒரு வார இதழ் வரும். அதில் இரண்டு வருடமாக ஒரு தொடர்கதை. மந்திரவாதி ஒருவன் இளவரசியைப் பருந்தாக மாற்றிவிடுவான். அவளை மறுபடி பெண்ணாக்கும் மூலிகையைத் தேடி இளவரசன் காடு மலையெல்லாம் அலைவான்.

ஊரே பைத்தியமாகப் படித்தது. நான் கொஞ்சம் கூடுதல் பைத்தியம்!

மூலிகை கிடைத்துவிட்டது, இன்னும் மூன்றே வாரம் பாக்கி என்ற நேரத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கந்தர்வக்கோட்டைப் பக்கம் யூனியன் ஆபீஸில் கிளார்க். பெயர் தங்கராசு.

காபி கொடுத்தேன். தலையைக் குனிந்து உட்கார்ந்தேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அவருடைய அக்கா, "பொண்ணு வீட்டுல என்ன செய்யும்?" என்று கேட்டார்.

"எல்லா வேலையும் செய்வா. மிச்ச நேரம் அந்தப் பருந்துக் கதைதான்" என்றார் ஆத்தா.

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தார். "நீங்களும் படிக்கிறீங்களா? மூலிகை கெடைச்சிருச்சு, பாத்தீங்களா? இனி என்ன, அவ பொண்ணாயிருவா. கல்யாணம், சுபம்!"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆக மாட்டாங்க" என்றேன்.

"ஏங்க?"

"றெக்கை மொளச்சவ எதுக்கு எறங்கி வரணும்? மறுபடியும் அந்தப்புரத்துல அடைஞ்சு கெடக்கவா?"

"அப்ப ரெண்டு வருசமா அலைஞ்சவன் கதி?"

"அவனை யாரு அலையச் சொன்னா? அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?"

அவருடைய அக்கா டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஊருக்குப் போயி லெட்டர் போடுறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். (அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்!)

அப்பா கத்தவில்லை. "இனி அந்தப் புஸ்தகம் இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

அன்று அழுதேன். மாப்பிள்ளை போனதற்கு இல்லை. முடிவு தெரியாமல் போகப்போகிறதே என்று முதலில் அழுதேன். அப்புறம் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. எனக்கு டீச்சர் ட்ரெயினிங் போக ஆசை. "கல்யாணம் ஆகுற பொண்ணுக்கு எதுக்குப் படிப்பு" என்று ஏற்கனவே அந்தப் பேச்சை முடித்து வைத்திருந்தார்கள். கூடத்தில் நான் பேசியது பருந்தைப் பற்றி மட்டுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஒரு மாதம் போனது. லெட்டர் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸிலிருந்து தங்கராசு தனியாக இறங்கி வந்தார். கக்கத்தில் மூன்று புத்தகம். முகமெல்லாம் கோபம்.

அப்பா பதறி எழுந்தார். "வாங்க தம்பி... என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"நான் எங்கங்க முடிவு பண்ணேன்? அந்த ஆளு பண்ணியிருக்கான் பாருங்க ஒரு முடிவு! இதை அவங்க படிச்சாங்களா?"

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. புத்தகங்கள் அடுப்படிக்கு வந்தன. நின்றபடியே கடைசி அத்தியாயம் வரை படித்தேன்.

இளவரசி கண் விழிக்கிறாள். பருந்து, மந்திரவாதி, மூலிகை எல்லாமே அவள் கண்ட கனவு!

"கனவாமா?" என்று என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

"அதைத்தாங்க நானும் கேக்குறேன்!" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. "எங்க ஆபீஸ்ல ஒருத்தனும் படிக்கிறதில்லை. யாருகிட்டப் போயி சொல்றது? அதான் பஸ் ஏறிட்டேன்."

ஆத்தா வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மோர் குடித்து முடித்தபின் அவர் குரல் இறங்கியது. "அன்னைக்கு நீங்க சொன்னது பருந்துக்கா, ஒங்களுக்கா?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"ரெண்டு பேருக்கும்தாங்க. நான் டீச்சர் ட்ரெயினிங் போகணும்."

அவர் அப்பாவைப் பார்த்தார். "படிச்சு முடிக்கட்டும்ங்க. அதுக்கப்புறமும் என்னையப் புடிச்சிருந்தா கல்யாணத்தை வைங்க."

"ரெண்டு வருசம் ஆகுமே தம்பி?"

"ஆகட்டும். இந்தக் கதைக்கே ரெண்டு வருசம் காத்துக்கெடந்தேன்!"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அப்ளிகேசன் எங்கிட்டுத் தாரான்னு விசாரி" என்றார்.

புதுக்கோட்டையில் படித்தேன். வாரம் ஒரு போஸ்ட் கார்டு வரும். அதில் அந்தக் கதைக்கு அவராக எழுதிய புது முடிவு இருக்கும். (எல்லாவற்றிலும் அவள் மூலிகையைத் தின்று பெண்ணாகிவிடுவாள். அந்த மனுஷன் இன்றுவரை மாறவில்லை!) ஹாஸ்டல் வார்டன் எனக்கு முன்னால் படித்துவிடுவார். ஒருநாள் என்னை அழைத்து, "உங்க சொந்தத்துல யாரும்மா பருந்து?" என்று கேட்டார்.

வேலை உத்தரவு வந்த மாதமே கல்யாணம். முப்பத்து நான்கு வருடம் டீச்சராக இருந்தேன்.

சரி, நீங்கள் சொல்லுங்கள். கடைசி அத்தியாயத்தில் உங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட கதை எது?

கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "யாராச்சும் எழுதிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான்தான் படித்துக் காட்ட வேண்டும்!