நாற்பதும் ஒத்துப்போக வேண்டும்

கடையில் வாங்கிய கேன் தண்ணீரையும் நாலாக மடித்த வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் சொம்பில் பிடிப்பார் ஜீவந்தரன். "சீல் போட்டதுங்க அது" என்று யாராவது சொன்னால், "சீல் போட்டவரை நான் பார்க்கலையே" என்பார். ஆரணியில் பட்டுப்புடவை டிசைன் போடுகிறவர்கள் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அவசரப்படுத்தினால் மனிதர் இன்னும் மெதுவாகிவிடுவார்.

வந்தவாசிப் பக்கத்துச் சமணர். பொழுது சாய்ந்தபின் தண்ணீர்கூட வாயில் படாது. மனைவி திரிசலா கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸ் ஐந்தரைக்கெல்லாம் திறந்துவிடும்.

அன்றைக்குச் சேவூரில், டிசைன் போடும் பிரிஸில்லா வீட்டில் வேலை. கல்யாணப் புடவை டிசைன் ஒன்று மறுநாள் காலை தறிக்குப் போயாக வேண்டும். புது டிசைன் மென்பொருளோ டாக்கர் இருந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தது. ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய சாமான்களோடு தனியாக அடைத்து ஓட்டுவதுதான் டாக்கர். "ஒரே அடுப்படி, தனித்தனிப் பாத்திரம்" என்று விளக்கினார் ஜீவந்தரன்.

பிரிஸில்லா ஒரு பென் டிரைவை நீட்டினாள். "தெரிஞ்சவர் குடுத்ததுண்ணா. இதைப் போட்டு ஜல்தியா முடிச்சிடலாமே."

அவர் அதைத் தொடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் இப்படி ஒன்றைப் போட்டு, நண்பர் லோகநாதனின் பார்டர் டிசைன்கள் அத்தனையையும் அழியவிட்டவர். லோகநாதன் எப்போதோ மறந்துவிட்டார். இவருக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

"செஞ்சவங்க கிட்டேர்ந்தே எடுப்போம்மா" என்று டாக்கர் நிறுவனம் தன் மென்பொருளை வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்தைக் கம்ப்யூட்டரில் சேர்க்க உட்கார்ந்தார். வருவது அந்த நிறுவனத்தின் சரக்குதான் என்று காட்டும் டிஜிட்டல் சாவி ஒன்று உண்டு; அது அசல்தானா என்று தெரிய அதன் நாற்பது எழுத்தும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அவள் நிறுவனத்தின் பக்கத்தைப் போனில் பார்த்துப் படிக்க, இவர் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தார்.

"ஒன்பது... டி... சி... எட்டு..."

முப்பத்தாறாவதில் அவள் ஒன்றை விட்டுவிட்டாள்.

"முதல்லேர்ந்து படிம்மா."

"இன்னும் நாலுதானேண்ணா. இருட்டிகினு வருது, நீங்க இன்னும் சாப்பிடல."

"நாலை வுட்டுட்டா, ஒண்ணுமே பார்க்காத மாதிரிதான்."

பிடிவாதக்காரர். ஆனாலும் இந்த மனிதர்மேல் யாருக்குத்தான் கோபம் வரும்? அவள் மறுபடி ஒன்பதிலிருந்து ஆரம்பித்தாள். இந்த முறை நாற்பதும் பொருந்தின. அதற்குப் பிறகுதான் டாக்கரை இறங்கவிட்டார். இணையம் அன்றைக்கென்று ஊர்ந்தது. ஒருவழியாக மென்பொருள் திறந்து, திரையில் அன்னப்பட்சி பார்டர் விரிந்தது.

"வந்துடுச்சுண்ணா" என்று திரும்பியவள் ஜன்னலைப் பார்த்தாள். தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது. காலை பத்து மணிக்குச் சாப்பிட்ட மனிதர்.

"பேஜாராப்பூடுச்சே. என்னாலதான்."

ஜீவந்தரன் சொம்பிலிருந்த தண்ணீரை ஜன்னலோர ரோஜாத் தொட்டியில் ஊற்றினார். வடிகட்டும் துணியை மடித்துப் பையில் வைத்தார். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.