என் மகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த சேனல்

காலை ஏழு மணிக்கு மேற்கு மாம்பலத்தில் என் அண்ணன் வீட்டுக் கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்கிறது. "இன்னா மாமா, இன்னும் நாஸ்டா துன்னலியா?" பக்கத்து வீட்டிலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அங்கே உட்கார்ந்திருப்பது என் மகள் ஆன்னா. பத்து வயது, நெதர்லாந்தில் உத்ரெக்ட் நகரத்தில் பிறந்தவள், அப்பாவைப் போலவே பழுப்பு முடி. ஊருக்கு வந்து ஐந்து நாளாகிறது. ஐந்து நாளும் நான் இப்படித்தான் ஏமாறுகிறேன்.

இந்தத் தமிழை அவள் என்னிடம் கற்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவளுடைய அப்பா டச்சுக்காரர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் தமிழில்தான் கொஞ்சினேன். வளர வளர, நான் ஒன்றை மூன்று தரம் தமிழில் சொல்ல, அவள் டச்சில் பதில் சொல்ல, அதற்குள் பள்ளிக்குச் சைக்கிளை எடுக்கும் நேரம் வந்துவிடும். அலுத்துப்போய் விட்டுவிட்டேன். போன குளிர்காலத்தில் அவளாகவே ஒரு கேமிங் சேனலைக் கண்டுபிடித்தாள். சென்னைப் பையன் ஒருவன் முகம் காட்டாமல் துப்பாக்கி விளையாட்டு விளையாடிக்கொண்டே ஓயாமல் பேசுகிறான். "மச்சி, பின்னால ஒருத்தன் கீறான் பாரு!" நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். சுடுகிற சத்தத்தில் எரிச்சலாக வரும். ஆனால் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிற அந்த ஊரில், அந்தக் குரலை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வளர்ந்தது சாந்தோமில். அப்பாவும் அம்மாவும் தேவாலயத்துப் பங்குப் பள்ளியில் ஆசிரியர்கள். கொஞ்ச தூரம் நடந்தால் பட்டினப்பாக்கம், மீனவர் வீடுகள். சின்ன வயதில் ஒருநாள் பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் யாரிடமோ "இன்னா" என்று சொல்லிவிட்டேன். அப்பா என் கையைப் பிடித்து விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்ததும் "என்ன" என்று ஒரு நோட்டு முழுக்க எழுதவைத்தார். அந்தப் பேச்சு கெட்டது, அதைப் பேசுகிறவர்களோடும் நமக்குச் சகவாசம் வேண்டாம் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது, பாழாய்ப்போனது இன்னும் முழுசாக அழியவில்லை.

பள்ளியில் பந்தாடும்போது ஆன்னா அந்தப் பையனைப் போலவே "போட்டுத் தள்ளு நைனா!" என்று கத்தியிருக்கிறாள். மற்ற பிள்ளைகளும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய யுஃப், அதாவது வகுப்பாசிரியை, என்னைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டார். ஆளைக் கொன்றுபோடு என்று அர்த்தம் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆன்னாவும் பக்கத்தில்தான் நின்றாள். "உற்சாகப்படுத்துகிற சொல்" என்றேன். யுஃபுக்கு ஒரே சந்தோஷம். விளையாட்டு விழாவில் அந்த வகுப்பே சேர்ந்து கத்தியது, யுஃபும் கைதட்டிக் கத்தினார். நான் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றேன்.

விடுமுறைக்கு முன்னால் பள்ளியிலிருந்து எல்லாப் பெற்றோருக்கும் ஒரு படிவம் வந்தது. உங்கள் பிள்ளை விரும்பிப் பார்க்கும் சேனல் எது, அது அவள் வயதுக்கு உகந்ததா, ஏன்? அங்கே வீடியோ விளையாட்டுப் பெட்டியின் மேல் எந்த வயதுக்கு என்று எண்ணில் அச்சடித்திருப்பார்கள், பார்த்து வாங்கினால் போதும். இந்தப் பையனின் வாய்க்கு யார் எண் போட்டது? என் கணவர், உனக்குத்தான் மொழி தெரியும், நீயே முடிவு செய், உகந்ததில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்று சொல்லிவிட்டார். நிறுத்தினால் அவளுடைய தமிழும் நின்றுபோகும். நிறுத்தாவிட்டால் இந்தத் தமிழ். அண்ணியிடம் கேட்டதற்கு, இங்கே எல்லாப் பிள்ளைகளும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சோறு தின்கின்றன, உனக்கு வேறு வேலை இல்லையா என்றார். நிரப்பாத படிவம் இன்னும் என் பெட்டியில்தான் கிடக்கிறது.

சனிக்கிழமை காலை ஆன்னாவைக் கூட்டிக்கொண்டு பட்டினப்பாக்கத்துக்கு மீன் வாங்கப் போனேன். கடைக்கு முன்னால் நின்றதும் அவளே ஆரம்பித்துவிட்டாள். "இன்னா கா, வஞ்சிரம் நல்லா கீதா?"

மீன்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ? நம்ம பேட்டப் பேச்சு பேசுறியே!" பக்கத்துக் கடைப் பெண்களையும் கூப்பிட்டு, ஆன்னாவைப் பேசவைத்துக் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நடுவில் புகுந்து, கொஞ்சம் சின்னதாகப் பார்த்துக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்றார். இங்கேதான், சாந்தோம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

மீனைக் கட்டைமேல் கிடத்திக் கத்தியை ஓங்கினார். ஆன்னா குதித்தாள். "போட்டுத் தள்ளு கா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் கோபப்படவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்த வார்த்த வேணாம் கண்ணு. அது ஆளக் கொல்றதுக்கு சொல்றது. எங்க வூட்டுப் பசங்க சொன்னா வாய்லயே போடுவேன்."

அந்தப் பையன் வாயில் வந்ததெல்லாம் இந்தத் தெருவின் பேச்சு என்றுதான் நான் இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். இந்தத் தெருவே அதில் ஒன்றை வேண்டாமென்று தள்ளிவைக்கிறது. ஆன்னாவின் முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பி டச்சில் கேட்டாள்: "நீதானே யுஃபிடம் அது நல்ல சொல் என்று சொன்னாய்?"

பர்ஸைத் திறந்து பணத்தை எண்ணத் தொடங்கினேன். சேனலை எடைபோட உட்கார்ந்தவள் ஒருநாளாவது அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேனா? அவள் மீன்காரம்மாவிடம் "சாரி கா" என்றாள். அவர் அவள் கன்னத்தை ஈரக்கையால் தொட்டு, அடுத்த தபா வா என்றார்.

திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் பேசியதும் அவள்தான். நான் மீன் பையோடு ஏறி உட்கார்ந்தேன். கோயில் கோபுரம் பின்னால் போனது. இனி நானே அவளுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும், இன்றைக்கே தொடங்கிவிட வேண்டும் என்று, அந்தச் சொல்லின் அர்த்தத்தையும், நான் ஏன் பொய் சொன்னேன் என்பதையும், அப்பா சொல்லிக்கொடுத்த சுத்தமான தமிழில் அவளுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னேன். சிக்னல் வரும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"ம்மா, நீ பேசுற தமிழு எனுக்குப் புர்ல. டச்சுலயே சொல்லு."